கெங் பாவ்தியனுக்கு ஒரு குரு கெடைச்ச கதை

இனிமே திருகையைத் தள்ளறதில்லைன்னு கெங் பாவ்தியன் முடிவு பண்ணிட்டான். சும்மா முடிவு இல்ல. மலை உச்சில ஏறி நின்னு, காத்துல சட்டை படபடக்க, வம்சத்துக்கே சேத்து எடுக்கற மாதிரியான முடிவு. ஆனா அவன் ஏறி நின்னது பன்னித் தொட்டி மேல. மலைக்குப் போகணும்னா நடக்கணுமே.

அவங்க வீட்ல டோஃபு வியாபாரம். வியாபாரம் பொண்டாட்டி யுன்ஷியாவோடது, பெருமூச்சு மட்டும் அவனோடது. ஊறவச்ச சோயாவை முத்தத்துல இருக்கற பெரிய திருகைல போட்டு அரைக்கணும். ஒரு ஆளு கை விரிச்சுப் படுக்கலாம், அவ்ளோ அகலக் கல்லு. அதுல செருகின மரத்தண்டைப் பிடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வரணும். முன்னாடி அதுக்கு ஒரு கழுதை இருந்துச்சு. போன குளிருல அது செத்துப்போச்சு. பாவ்தியன் விக்கி விக்கி அழுதான். என்ன இளகின மனசுடா இவனுக்குன்னு ஊரே உருகிப்போச்சு. நாளைக்குத் தண்டை யாரு பிடிக்கப் போறாங்கன்னு அவனுக்குத்தானே தெரியும்.

அந்த சமயம் பாத்துத்தான் எங்க கெங் ஓடை ஊருக்குக் கிறுக்குப் பிடிச்சுச்சு. சாங் மலைக் கோயிலை வச்சு ஒரு சண்டைப் படம் வந்துச்சு, நாடே பாத்துச்சு. பாத்த பயலுக எல்லாம் படுக்கையைச் சுருட்டி முதுகுல கட்டிக்கிட்டு ரயிலேறி வந்துட்டானுக, குங்ஃபூ கத்துக்க. கோயில்ல எத்தனை பேரைத்தான் அடைக்க முடியும்? வழிஞ்சவன் எல்லாம் அடிவாரத்து ஊருங்கள்ல வந்து விழுந்தான். ஒரே மாசத்துல எங்க ஊர்ல மாட்டுக் கொட்டகை பூரா குங்ஃபூ கூடம் ஆயிடுச்சு. எதிர்வீட்டு பாங், நேத்து வரைக்கும் ஊர் ஊராப் போயி பன்னிக்குக் காயடிச்சுக்கிட்டு இருந்தவன், இன்னைக்கு மாஸ்டர் பாங். பழைய தொழிலைப் பயலுக கிட்ட யாரும் சொல்லல. சொன்னா ஒருத்தன் நிப்பானா?

எல்லாக் கூடத்துக்கும் ஒரே சரித்திரந்தான். தெக்கே கடல் தாண்டி வந்து, கோயில் குகையில சுவரைப் பாத்து ஒன்பது வருஷம் உக்காந்தாரே ஒரு தாடிச் சாமியார், அவரு நேரா இறங்கி வந்து எங்க கொள்ளுத் தாத்தாவுக்குத்தான் குத்து சொல்லிக் குடுத்தாருன்னு ஆளாளுக்குப் பலகை எழுதி மாட்டினான். அவரு வந்து போயி ஆயிரத்தஞ்ஞூறு வருஷம் கிட்ட ஆகுதுன்னு சொல்றாங்க. கொள்ளுத் தாத்தாவுக்கு அப்போ என்ன வயசுன்னு ஒரு பய கேக்கல. கேக்கற பய எதுக்கு ரயிலேறி வரப்போறான்?

தொட்டி மேலேர்ந்து இறங்கின பாவ்தியன் நேரா யுன்ஷியா கிட்ட வந்தான். அவ கொதிக்கற சோயாப் பால்ல நுரை எடுத்துக்கிட்டு இருந்தா.

"யிங் அம்மா, நான் கூடம் தொறக்கப்போறேன்." யிங்குங்கறது அவங்களோட ஒரே பொண்ணு.

"எந்தக் கூடத்தை? நம்ம வீட்ல இருக்கறது ஒரே ஒரு கொட்டகை. அதுல நான் நிக்கறேன்."

அதைத்தான் சொல்ல வந்தேன்னான். கொட்டகை அவனுக்கு வேணும். அவ அடுப்பு, பானை, அச்சுப் பலகை எல்லாத்தையும் தெருவுல வச்சுக்கணும். குளிருல டோஃபு ஒறஞ்சு கல்லாயிடுமேன்னு அவ சொன்னா. ஒறஞ்ச டோஃபுவைத்தான் குழம்புல போட்டு ஊரே திங்குதே, அதுக்குத் தனி ருசின்னான் இவன். பொண்டாட்டி பொழைப்புல மண்ணைப் போடறப்போ மட்டும் அவன் வாயில என்னா பதில் வருது பாருங்க.

"சரி. உங்களுக்கு என்ன தெரியும்னு கூடம்?"

"எங்க அப்பாவோட குத்து. சாமியார் வழி வந்தது."

"உங்க தாத்தா உப்பு வண்டிக்குக் காவலாப் போனவரு. வழிப்பறிக்காரன் அடிச்சான், திருப்பி அடிக்கக் கத்துக்கிட்டாரு. உங்கப்பாவே என் கிட்ட சொன்னாரு. இதுல சாமியாரு எங்க வந்தாரு?"

பாவ்தியன் கண்ணை மூடிக்கிட்டான். குத்துங்கறது கையில இல்ல, அதுக்கு அடில இருக்கற தத்துவத்துலன்னான். சாமியார் உக்காந்துதான் பலத்தைக் கண்டுபிடிச்சாரு, அந்த உக்காரற சக்தி எங்க வம்சத்து ரத்தத்துல ஓடுதுன்னான்.

"அது வாஸ்தவந்தான்," யுன்ஷியா சொன்னா. "அவரு ஒன்பது வருஷம் உக்காந்தாரு. நீங்க கல்யாணம் ஆனதுலேர்ந்து உக்காந்திருக்கீங்க. அவரு வம்சமேதான், சந்தேகமே வேணாம்."

அன்னைலேர்ந்து அந்த வீட்ல தத்துவம் தாங்கல. தண்ணி தூக்கிட்டு வாங்கன்னு அவ சொன்னா, தாவோங்கற பழைய ஞான வழில செய்யாமலே செய்யறதுதான் ஒசத்தி, தண்ணியைப் பாரு, அது பாட்டுக்குக் கெடக்கு, ஆனா எல்லாம் நடக்குதுன்னுவான். அந்தத் தண்ணி கெணத்துலேர்ந்து தானா நடந்து வரலையேன்னு அவ வாளியைக் கையில திணிப்பா. வெறகு பிளக்கச் சொன்னா இன்னும் மோசம். உலகத்துல ஒண்ணு அசைஞ்சா இன்னொண்ணு அசையாம இருக்கணும், அப்பத்தான் சமநிலை, நீ அசையறே, அதனால நான் அசையக் கூடாதுன்னு கட்டில்ல சாஞ்சுக்குவான். ஒருநாள் வெறுமையைப் பத்தி ஆரம்பிச்சான். உள்ள காலியா இருந்தாத்தான் மூச்சு அடிவயித்துக்கு இறங்கும், பெரிய பெரிய வீரனெல்லாம் அப்படித்தான் ஜெயிச்சான்னான். ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தா முன்னாடி காலிக் கிண்ணம்.

"என்னடி இது?"

"வெறுமை. மூச்சு இறங்கட்டும்."

அவன் பாங் வீட்டுக்குப் போயி ரெண்டு வேகவச்ச ரொட்டி வாங்கித் தின்னுட்டு வந்தான். அதுக்கப்புறம் வெறுமையை விட்டுட்டான்.

ஆனா கூடத்தை விடல. ஏன் விடல? அவன் போட்ட கணக்கு அப்படி. பழைய கூடத்துல எல்லாம் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்தவனுக்கு எடுத்த ஒடனே குத்து சொல்லித் தர மாட்டாங்க. குரு வீட்ல மூணு வருஷம் தண்ணி தூக்கணும், வெறகு பிளக்கணும், இழுக்கறதை இழுக்கணும், தள்ளறதைத் தள்ளணும். ஒடம்பும் மனசும் பதப்படணுமாம். பாவ்தியனுக்கு அது போதும். அஞ்சு பயலுக வந்தாக் கூட மூணு வருஷத்துக்குத் திருகை தானாச் சுத்தும். மூணு வருஷம் கழிச்சு? அதுக்குள்ள அவனுக ஓடிப்போயிடுவானுக, வேற அஞ்சு பேரு வருவான். அவன் தலையில அந்த ஒரு தடவைதான் மூளை வேலை செஞ்சுச்சு, அதையும் ஒழுங்கா முடிக்கல.

ஒரு ஓட்டை இருந்துச்சு. எங்க பக்கம் ஒருத்தன் மாஸ்டர்னு உக்காந்தா, மொதல்ல கேக்கறது எத்தனை பேரை அடிச்சேன்னு இல்ல. யாருக்கு டீ குடுத்தேன்னுதான். முழங்கால் போட்டு ரெண்டு கையாலயும் கோப்பையை நீட்டணும். அவரு வாங்கிக் குடிச்சா அவரு குரு, இவன் சீடன், வழி ஒண்ணாச்சு. குடிக்கலைன்னா ஒண்ணும் இல்ல, எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாம். பாங் கூட வேற ஊருக்குப் போயி எவனோ ஒரு கெழவனுக்குக் குடுத்து, குடிக்க வச்சு, போட்டோவும் எடுத்துக்கிட்டு வந்துட்டான்.

பாவ்தியன் சின்ன வயசுல அப்பாவுக்கு டீ நீட்டினவன்தான். கெழவர் கெங் நெசமாவே குத்து தெரிஞ்சவரு. மகனைக் குதிரை நிலையில நிக்கச் சொன்னாரு, குதிரை மேல உக்காந்த மாதிரி தொடையை மடக்கி, ஒரு ஊதுவத்தி எரிஞ்சு முடியற வரைக்கும். பய என்ன பண்ணான், ஊதுவத்தியைப் பாதியா ஒடைச்சு அடித்துண்டை ஒளிச்சுட்டு, மேல்துண்டைச் சாம்பல்ல நட்டு வச்சான். கெழவர் சாம்பலைக் கிளறிப் பாத்தாரு, அடிக்குச்சியைக் காணோம். அப்புறம் மகன் நீட்டின டீயை வாங்கினாரு, வெளிய நடந்தாரு, பன்னித் தொட்டில ஊத்தினாரு. பன்னி குடிச்சுச்சு. ஊரு பூரா தெரிஞ்ச கதை இது.

அந்தக் கெழவர் போயிச் சேந்துட்டாரு. அதுதான் பாவ்தியனுக்கு வசதி. கூடம் தொறக்கற அன்னைக்கு அப்பா படத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டு டீ வச்சுடறேன்னு யுன்ஷியா கிட்ட சொன்னான்.

"உசிரோட இருந்தாத்தானே வேணாம்னு சொல்லுவாரு," அப்படின்னு சிரிச்சான்.

யுன்ஷியா அச்சுப் பலகையைத் தொடைச்சா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, பெரிய கூடத்துல எல்லாம் வம்சச் சட்டம்னு ஏதோ இருக்குமாமே, நம்ம வீட்டுக்கு அப்படி இல்லையான்னு கேட்டா. பாவ்தியனுக்கு நெஞ்சு விரிஞ்சுது. பொண்டாட்டி வாயைத் தொறந்து அவன் கிட்ட ஒரு விஷயம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு.

"இருக்கு. கெங் குத்தை மகளுக்குச் சொல்லித் தரக் கூடாது. அவ கட்டிக்கிட்டு வேற வீட்டுக்குப் போறவ, போறப்போ ரகசியமும் கூடவே போயிடும். மருமகளுக்குச் சொல்லித் தரலாம். அவ இங்கயேதான் கெடப்பா."

"அப்ப நம்ம யிங்குக்குக் கெடையாது."

"சட்டம்னா சட்டம்."

"நல்ல சட்டம்," அவ சொன்னா. "வாசக்கால்ல எழுதி ஒட்டுங்க. அந்த மூணு வருஷச் சட்டத்தையும் இந்தப் பக்கம் ஒட்டுங்க. வர்றவனுக்கு ஒரு பயம் இருக்கும். செவப்புத் தாள் நான் வாங்கித் தரேன்."

சொன்னபடி வாங்கியும் குடுத்தா. பள்ளிக்கூட வாத்தியாரை வச்சு கட்டை எழுத்துல எழுதி, வலப்பக்கம் மருமக சட்டம், இடப்பக்கம் மூணு வருஷச் சட்டம்னு ஒட்டினாங்க. தெருவுல போற கெழவிங்களுக்குக் கூட கண்ணாடி இல்லாம தெரிஞ்சுது. கொட்டகையையும் அவளே காலி பண்ணிக் குடுத்தா. முகம் கோணல. சொன்னா சொன்னபடி கேக்கறா, தத்துவம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்குதுன்னு பாவ்தியன் பாங் கிட்ட பீத்திக்கிட்டான். பாங் சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டே, எம் பொண்டாட்டி அப்படி சாந்தமா இருந்தா நான் ராத்திரி கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பேன்னான். எருமைக்கு எங்க ஏறப்போகுது?

கூடம் தொறக்கற நாளு வந்துச்சு. பட்டாசு வெடிச்சாங்க. ஷான்தோங் பக்கத்துலேர்ந்து வந்த அஞ்சு பயலுக தலையை மழிச்சுக்கிட்டு வரிசையா நின்னானுக. ஊர்ல பாதி வாசல்ல நின்னுச்சு. பெரிய மனுஷனா யாரை உக்கார வைக்கறதுன்னு பாவ்தியன் கேட்டப்போ, கெங் வம்சத்துல மூத்தவரு ஏழாம் தாத்தாதானேன்னு யுன்ஷியா சொன்னா, அவளே போயிக் கூப்பிட்டுட்டு வந்தா. ஏழாவதாப் பொறந்ததால ஊருக்கே ஏழாம் தாத்தாவான அவருக்கு வாயில ஒரு பல்லு கெடையாது. காலைல யுன்ஷியா சுடச்சுட வழிச்சுத் தர்ற இளசான டோஃபுவுலதான் அவரு உசிரு நிக்குது. கொட்டகை மூடினா, ஒறஞ்ச டோஃபுவை அவரு எதால கடிப்பாரு? பாவ்தியன் அதை யோசிக்கல. அவன் எதைத்தான் யோசிச்சான்.

அப்பா படத்துக்கு முன்னாடி ஊதுவத்தி கொளுத்தினாங்க. அதைப் பாத்ததும் கூட்டத்துல ரெண்டு பேரு இருமினான். பாவ்தியன் பட்டு அங்கியோட நின்னு, சாமியாரு, சுவரு, தாவோ, வெறுமைன்னு எல்லாத்தையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டினான். பயலுக வாயைப் பொளந்து கேட்டானுக. அப்புறம் முழங்கால் போட்டு, ரெண்டு கையாலயும் கோப்பையைத் தூக்கிப் படத்துக்கு நீட்டி, மேசை மேல வச்சுட்டு எந்திரிக்கப் போனான்.

ஏழாம் தாத்தா தொண்டையைக் கனைச்சாரு.

"உக்காரு. டீ அப்படியே இருக்கே."

"அப்பாவுக்கு வச்சேன், தாத்தா."

"செத்தவனுக்கு வச்சா அது படையல். நானும் வருஷா வருஷம் என் அப்பனுக்கு வைக்கறேன், அதுக்காக எனக்குக் குத்து வந்துடுச்சா? குருன்னா குடிக்கணும். அவன் இல்லைன்னா, அவன் யாரு கையால டீ வாங்கிக் குடிச்சானோ அந்த ஆளு குடிக்கணும். அப்பத்தான் வழி தொடரும்."

கெழவரோட ஒரே சீடன் போன வருஷந்தான் செத்தான். உனக்கு உங்கப்பன் ஒருநாளாவது குடிச்சானான்னு தாத்தா கேட்டாரு. வாசல்லேர்ந்து பாங் பதில் சொன்னான், மெதுவா, விதைத் தோலைத் துப்பிட்டு.

"இவன் டீயைக் குடிச்சது பன்னிதான். முறையாப் பாத்தா அதுதான் இவன் குரு."

கூட்டம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அஞ்சு பயலுகளும் சிரிக்கல. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்தானுக, அப்புறம் அஞ்சு பேரும் சேந்து எதிர்வீட்டுப் பலகையைப் பாத்தானுக. ஒருத்தன் குனிஞ்சு படுக்கைச் சுருளைத் தூக்கக் கூட ஆரம்பிச்சுட்டான். பாவ்தியன் கண்ணுல திருகை சுத்துச்சு, ஆளில்லாத தண்டோட, வா வான்னு கூப்பிடற மாதிரி.

அப்பத்தான் யுன்ஷியா ஈரக்கையை இடுப்புல கட்டின துணில தொடைச்சுக்கிட்டு முன்னாடி வந்தா.

"தாத்தா, எனக்கு முறை தெரியாது. தப்புன்னா சொல்லுங்க. கல்யாணத்துக்கு மறுநாள் காலைல நான் மாமனாருக்கு முழங்கால் போட்டு டீ குடுத்தேன். எல்லாரும் இருந்தீங்க. அவரு குடிச்சாரா, இல்லையா?"

"குடிச்சான். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடிச்சான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"அது மருமக டீ," பாவ்தியன் பாய்ஞ்சான். "எல்லா வீட்லயும் குடுக்கறது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

யுன்ஷியா வலப்பக்கத்து வாசக்காலைப் பாத்தா. ஏழாம் தாத்தா பாத்தாரு. ஊரே திரும்பிப் பாத்துச்சு. கட்டை எழுத்து, செவப்புத் தாளு. மகளுக்கு இல்லை, மருமகளுக்கு உண்டு.

"இது யாரு வம்சச் சட்டம்?" தாத்தா கேட்டாரு.

நம்ம கெங் வம்சத்துதுதான்னு பாவ்தியன் இழுத்தான்.

"மருமகளுக்கு உண்டு. மருமக முழங்கால் போட்டா. மாமன் குடிச்சான். இதுல எங்க ஓட்டை? ஆமா, அந்தக் காலைல மாப்பிள்ளை எங்க இருந்தான்? எனக்கு ஞாபகம் இருக்கு. ராத்திரி ஊத்திக்கிட்டு வைக்கப்போருல கெடந்தான்."

இவளுக்கு ஒரு குத்து கூடத் தெரியாது தாத்தான்னு பாவ்தியன் கெஞ்சினான். உனக்கு எத்தனை தெரியும், எந்திரிச்சுப் போடு பாப்போம்னாரு தாத்தா. அவனுக்குத் தெரிஞ்சது குத்து வரிசைல பாதிதான். அதுலயும் மூணாவது அடில முட்டி சொடுக்கும்.

"சீக்கிரம் சொல்லு," தாத்தா சொன்னாரு. "பன்னியா, பொண்டாட்டியா?"

படுக்கையைத் தூக்கின பய வாசலைத் தாண்டப் போனான். பாவ்தியன் தடால்னு முழங்கால் போட்டான். யுன்ஷியா மாமனாரோட நாற்காலில நிதானமா உக்காந்தா. துணியை நேரா இழுத்து விட்டுக்கிட்டா. அவன் ரெண்டு கையாலயும் கோப்பையை நீட்டினான். அவ வாங்கி ஒரு வாய் குடிச்சா.

"ஆறிப்போச்சு. அடுத்த தடவை சூடாக் கொண்டாங்க."

அப்புறம் மீதியையும் குடிச்சா. வழி சேந்தாச்சுன்னு ஏழாம் தாத்தா தொடையைத் தட்டினாரு. பாவ்தியனுக்கு உசிரு வந்துச்சு. எந்திரிச்சு அங்கியைத் தட்டி விட்டுக்கிட்டு, அஞ்சு பயலுகளையும் பாத்து, தண்டு அங்க இருக்கு, போயிப் பிடிங்கடான்னான்.

"இருங்க," யுன்ஷியா சொன்னா. இப்போ அவ பாத்தது இடப்பக்கத்து வாசக்காலை. "அவங்க இன்னும் யாருக்கும் டீ குடுக்கல. இந்த வீட்ல இன்னைக்குச் சேந்த சீடன் ஒரே ஒரு ஆளுதான். சேந்தவன் மூணு வருஷம் முடிக்காம இன்னொருத்தனைச் சேக்க முடியுமா, தாத்தா?"

"எப்படி முடியும்? மூணு வருஷ வேலை முடிக்காதவனுக்குக் குத்தே கெடையாதுன்னு ஒட்டியிருக்கே, அவன் யாருக்குச் சொல்லித் தர?"

அவ பயலுக பக்கம் திரும்பி, தம்பிங்களா, இவரு பதப்பட மூணு வருஷம் ஆகும், அதுவரைக்கும் எதிர்வீட்ல கத்துக்குங்க, அவரு டீ குடுத்ததுக்குப் போட்டோ இருக்கு, காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் இங்க வாங்க, டோஃபு சூடா இருக்கும்னா. பாங்குக்கு வாயெல்லாம் பல்லு. பயலுக குனிஞ்சு கும்பிட்டுட்டுத் தெருவைத் தாண்டினானுக. சாயங்காலத்துக்குள்ள அடுப்பும் பானையும் கொட்டகைக்குத் திரும்பி வந்துடுச்சு. தூக்கி வச்சது யாருன்னு கேக்காதீங்க. புதுசாச் சேந்த சீடன்தான்.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே திருகை கரகரன்னு சுத்துச்சு. பாவ்தியன் தண்டைத் தள்ளிக்கிட்டு சுத்திச் சுத்தி வந்தான். ஏழாம் தாத்தா சுவர் ஓரமா கிண்ணத்தோட உக்காந்து இளசு டோஃபுவை உறிஞ்சிக்கிட்டு இருந்தாரு. யுன்ஷியா மாமனாரோட நாற்காலியை முத்தத்துக்கே கொண்டு வந்து போட்டு, கால் மேல கால் போட்டு, சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டு இருந்தா. சுத்திச் சுத்தி அவ முன்னாடி வர்றப்போ அவனுக்குப் பொறுக்கல. தண்டு மேல சாஞ்சு நின்னான்.

"யிங் அம்மா, நெசமாச் சொல்லு. மூணு வருஷம் முடிஞ்சா எனக்கு என்னதான் சொல்லித் தரப்போறே? உனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

"நேத்து வரைக்கும் தெரியாது," அவ விதைத் தோலை ஊதித் தள்ளினா. "செய்யாமலே செய்யறதுன்னு ஒண்ணு சொல்லுவீங்களே, இப்பத்தான் எனக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு. நிக்காதீங்க, தள்ளுங்க."